ஸ்வரூபாவுக்காக எழுதிய சுய அறிமுகம்

1

கதை எழுதும் ஆசையில் பிறந்த கதை இல்லை இது. அமீர்பேட்டை மகளிர் விடுதியில் என் அறைத்தோழி ஸ்வரூபா, ஈரத் துணியை உதறிக்கொண்டே கேட்டாள்: “அக்கா, நீ கதையெல்லாம் எழுதுறியே, இன்டர்வியூல சொல்ல எனக்கு இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் குடேன். ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ன்னாலே நாக்கு ஒட்டிக்குது.”

எழுதிக் கொடுத்தேன். அந்த நாலு வரியில் அடங்காமல் போனதுதான் இது.

2

முதல் தொடக்கம்: ‘ஜன்னலோரம் நின்று தூரத்து வானத்தைப் பார்த்த ஸ்வரூபாவின் கண்களில்—’

வேண்டாம். எங்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து விடுதியின் சுவர்.

இன்னொன்று: ஸ்வரூபா ஜகித்யால் என்ற தெலுங்கு ஊர்க்காரி. பிசியோதெரபி படித்தவள். கணவன் மல்லேஷ் தோஹாவில் கிரேன் ஓட்டுகிறான். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாழ்ந்தது அவனுடைய விடுமுறைகளில் மட்டும். படுத்த படுக்கையான மாமியாரைக் கடைசிவரை இவள்தான் பார்த்துக்கொண்டாள். அவர் போனபின் மெடிக்கல் கோடிங் படிக்க இங்கே வந்தாள். (அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் வேலை. அதைப் பார்த்துத்தான் காப்பீட்டுக்காரர்கள் பணம் தருவார்கள்.) தேர்வில் தேறிவிட்டாள். ஆனால் சான்றிதழில் ‘பயிற்சிநிலை’ என்று ஓர் ஒட்டு. அனுபவம் வந்தால் அது போய்விடும். அது இருக்கும்வரை அனுபவம் தர யாரும் தயாரில்லை.

மல்லேஷ் சொல்லியிருந்தான்: “உனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், மூட்டை கட்டிட்டு ஊருக்கே வந்துடறேன்.”

இந்தத் தொடக்கத்தையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஒரு பாத்திரமாக மல்லேஷ்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவனுக்கு அங்கே வேறொருத்தி இருப்பதாகக்கூட ஒரு பக்கம் எழுதினேன். பிறகு ஒரு சாயங்காலம், அவள் அவனோடு ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது காதில் விழுந்தது.

“இன்னிக்கு என்ன படிச்சே?”

“வீட்ல கூட ஒருத்தரும் இல்லாம தனியா இருக்கறதுக்கும் ஒரு கோட் நம்பர் இருக்கு, தெரியுமா?”

“அது என்ன வியாதியா?”

“வியாதியில்ல. ஆனா புக்குல இருக்கு.”

“மருந்து ஏதாச்சும் போட்டிருக்கானா?”

“இல்லய்யா” என்று சிரித்தாள். அவன் வைத்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

4

‘ஃப்ரெஷர் எடுக்கறதில்ல’ என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். ஒரு வேலைத் தரகர் மட்டும் உட்காரவைத்துப் பேசினார். “ரெண்டு வருஷம் வேலை பார்த்த மாதிரி பேப்பர் நான் தரேன்மா.”

அவள் தலையாட்டிவிட்டு, படியிறங்கும்போது கூடப் போயிருந்த என்னிடம் கேட்டாள். “பேப்பர்ல போடற அந்த ஆபீஸ்ல கேன்டீன் எந்த மாடின்னு கேட்டா என்னக்கா சொல்வேன்?” திரும்ப அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு மாதாப்பூரில் ஒரு நேர்காணல். (நான் அங்கே இல்லை. தோசை வண்டி அருகே நின்று அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நடு நடுவே சட்னி கேட்டதை விட்டுவிட்டேன்.) நான் எழுதிக் கொடுத்ததில், ‘சுகாதாரத் துறையில் என் திறமைகளை—’ என்ற இடத்தில் நின்றுவிட்டாளாம். எதிரே இருந்த பிரணீதா என்ற அதிகாரி கையை உயர்த்தினாள்.

“மனப்பாடம் போதும்மா. தெலுங்குலயே சொல்லு. எதுக்கு இந்த வேலை?”

“எங்க வீட்டுக்காரர் திரும்பி வரணும் மேடம்.”

“அதுல கம்பெனிக்கு என்ன லாபம்?”

“அவர் வர்றவரைக்கும் லீவே கேக்கமாட்டேன் மேடம்.”

“வந்துட்டா?”

“ஒரு வாரம் கேப்பேன்.”

பிரணீதா சிரித்துவிட்டு, ஏணியிலிருந்து விழுந்த ஒரு கிழவரின் மருத்துவக் குறிப்பைக் கொடுத்துக் குறியீடு போடச் சொன்னாள். ஒன்று தவறு, மற்றதெல்லாம் சரி. அடுத்த வாரம் அழைப்பு வந்தது. புதிய குழுவில் அவளுக்கும் இடம்.

5

மொட்டைமாடிக்கு ஓடிப்போய் தோஹாவுக்குப் பேசினாள். இறங்கி வந்த முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. எழுதுகிறவள் இல்லையா, சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு முடிவுகள் எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றில் மல்லேஷ் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். இன்னொன்றில், “இன்னும் ஒரு வருஷம் மட்டும்” என்கிறான்.

“ரெண்டும் வேணாம்” என்றாள்.

“அப்ப அவர் என்னதான் சொன்னாரு?”

“‘நெசமாவா’ன்னாரு. அப்புறம் அழுதாரு. வரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல.” என் கையிலிருந்த தாள்களை வாங்கி மடித்தாள். “டாக்டர் எழுதாததுக்கு நான் கோட் போடக் கூடாதுக்கா. அவரு சொல்லாததை நீயும் எழுதாத.”

எழுதவில்லை. அவள் இப்போது வேலைக்குப் போய்வருகிறாள். யூசுப்குடாவில் இருவர் இருக்கும்படியாக ஒரு வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருக்கிறாள்.

மல்லேஷ் வருவானா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அவள் காதில் மட்டும் விழ வேண்டாம்.