இருமுறை கழிக்கப்பட்ட இருபது சென்டிமீட்டர்

என் தம்பி எய்லெர்ட்டின் குறட்டையை மிகைப்படுத்திச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இல்லை. படகுத்துறையில் உறங்கிக்கொண்டிருந்த கடற்பறவைகள் அதைக் கேட்டு எழுந்து பறந்ததை அடுத்த வீட்டுச் சீவெர்ட் நேரில் பார்த்திருக்கிறார். பெற்றோர் விட்டுச்சென்ற இத்தீவு வீட்டில் எங்கள் இருவருக்கும் ஆளுக்குப் பாதி உரிமை. மாடியோ பிரிவில்லாத ஒரே நீளக் கூடம். ஒரு முனையில் அவன் கட்டில், மறுமுனையில் என் கட்டில்.

ஜூன் மாத நடுவில் ஒருநாள் காலை, பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்தவனிடம் என் முடிவைத் தெரிவித்தேன்.

"ஜூலை லீவுக்கு முன்னாடி நடுவுல ஒரு சுவர் எழும்பணும். இல்லேன்னா என் பாதியை வித்துடுவேன்."

"என்னக்கா, ஒரு குறட்டைக்கு வீட்டையே விப்பியா?"

"ஒரு குறட்டையா? ராத்திரிக்கு எத்தனைன்னு எண்ணி வச்சிருக்கேன், சொல்லட்டுமா?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். ஜூலையில் கரையிலுள்ள மரக்கடை உட்பட நாடே கதவைச் சாத்திக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் போய்விடும். அதற்குள் சரக்குப் படகு ஒரே ஒருமுறைதான் எங்கள் துறைக்கு வரும். ஆகவே மரக்கடைக்கான சாமான் பட்டியல் முதல் தடவையே பிழையின்றி அமைய வேண்டும். அதை நானே எழுதினேன்.

மாடியின் அகலத்தை அளக்கத் தேவையில்லை. அம்மா தறியில் நெய்த கம்பளம் சுவரிலிருந்து சுவர்வரை பொருந்தும்; அது மூன்று மீட்டர் அறுபது.

"அறுபது சென்டிமீட்டருக்கு ஒரு கட்டை நிறுத்தணும்," என்றான் எய்லெர்ட். "அப்போ ஆறு கட்டை."

"ஆறு இடைவெளிக்கு ஏழு கட்டைடா. கடைசிப் பலகையை எதுல அடிப்ப, உன் மூக்கிலயா?"

ஏழு என்று எழுதினேன். கதவின் இருபுறமும் நிற்க இரண்டு கூட்டினேன். மேலே ஒன்று, கீழே ஒன்று என முழு நீளக் கட்டைகள் இரண்டு. பக்கத்துக்கு மூன்றாகப் பலகைகள் ஆறு. குறட்டையை விழுங்க இடைவெளிகளில் திணிக்கும் பஞ்சுப் பாளம் தேவையான அளவு. ஆணியைக்கூட எண்ணித்தான் எழுதினேன்.

உயரத்துக்கு மட்டும் அளவு நாடா தேவைப்பட்டது. எங்கள் நாடாவின் முதல் இருபது சென்டிமீட்டர் அப்பா காலத்திலேயே கதவிடுக்கில் சிக்கி முறிந்துபோனது. நன்றாக இருக்கும் மீதி நாடாவை வீசிவிட்டுப் புதிது வாங்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. எந்த அளவு வந்தாலும் இருபதைக் கழித்துக்கொள்வோம். எய்லெர்ட் அதை மறப்பான், நான் மறப்பதில்லை. நாற்பது ஆண்டுகளாக அவன் அளப்பான், நான் கழிப்பேன்.

அவன் மாடியிலிருந்து கூவினான்: "ரெண்டு மீட்டர் இருபது!"

நான் கீழே மேசையில் இரண்டு மீட்டர் என்று எழுதினேன். அதிலிருந்து மேல்கட்டை, அடிக்கட்டை ஆகியவற்றின் கனத்தைக் கழித்து, ஒன்பது கட்டைகளையும் அந்நீளத்துக்கே அறுத்து அனுப்பும்படி மரக்கடைக்குத் தொலைபேசியில் இருமுறை வாசித்துக் காட்டினேன். பலகைகளும் அவ்வாறே.

படகு குறித்த நாளில் வந்தது. சீவெர்ட்டும் கைகொடுத்தார். சட்டத்தைத் தரையில் படுக்கவைத்து ஆணியடித்து, மூவரும் தூக்கி நிறுத்தினோம். அது நேராக, உறுதியாக, அழகாக நின்றது. அதன் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு பூனை வசதியாகப் படுக்கலாம்.

சீவெர்ட் தொப்பியைக் கழற்றினார். "தூர்குன் டீச்சர், குறட்டை ஏறித் தாண்டட்டும்னு விட்டிருக்கீங்களா?"

"எய்லெர்ட்," என்றேன். "நாடாவுல என்ன இருந்துச்சு?"

"ரெண்டு நாப்பது."

"இருபதுன்னு ஏன்டா கத்துன?"

"கழிச்சேன்க்கா. நாப்பது வருஷமா 'கழி, கழி'ன்னு திட்டுறியே. வீடே போகப்போகுது, இந்த ஒரு தடவையாவது ஒழுங்கா செய்வோம்னு கழிச்சேன்." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தான். "நீயும் கழிச்சியா?"

நான் சட்டத்தின் ஆணிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சரும் கழிச்சிருக்காங்க!" என்று சீவெர்ட் அறிவித்தார். அவரை நான் ஏழாம் வகுப்பில் மூன்று முறை மூலையில் நிறுத்தியிருக்கிறேன். அதற்கான பழியை அன்று தீர்த்துக்கொண்டார்.

மரக்கடை மறுநாளே மூடிவிடும். அடுத்த படகு ஆகஸ்டில். சொன்ன சொல்லை மாற்றுவது என் வழக்கமன்று. வீட்டை விற்கும் எண்ணமோ, உண்மையில், எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. நான் கம்பளத்தின் மேல் அமர்ந்தேன்.

எய்லெர்ட் சற்று நேரம் அந்த இடைவெளியையே பார்த்தான். ஒரு குச்சியை எடுத்து அங்கே பிடித்து, இடைவெளியின் அளவுக்கே நறுக்கினான். எண் எதையும் சொல்லவில்லை. நான் கழித்துவிடுவேன் என்ற அச்சமாக இருக்கலாம். குச்சியோடு படகுத்துறைக்குப் போனான். அங்கே அப்பா செதுக்கிப் போட்ட நீளமான சதுர மரம் ஒன்று கிடந்தது. காலைதோறும் அதில் உட்கார்ந்துதான் அவன் காபி குடிப்பான். என்ன விலை தருகிறோம் என்றாலும் அதை யாருக்கும் கொடுக்கமாட்டான்.

குச்சியை மரத்தின் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தான். மரத்தின் கனம் குச்சியின் நீளத்துக்குச் சரியாக இருந்தது.

"சீவெர்ட், ரம்பத்தை எடு," என்றான்.

"டேய், உன் ஆசனம்டா அது," என்றேன்.

"உன் பாதியை விட அது பெருசாக்கா?"

மரத்தை மாடியில் குறுக்கே கிடத்தி, அதன்மேல் சட்டத்தை ஏற்றினோம். ஒரு விரல் நுழையவும் இடமின்றி அது கூரையைத் தொட்டது. பஞ்சு திணித்து, பலகை அடித்து, பழைய கொட்டகைக் கதவை மாட்டியபோது ஜூன் முப்பது. வாசலில் மட்டும் முழங்காலில் பாதி உயரத்துக்கு ஒரு படி நிற்கிறது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அன்றிரவு எந்த ஒலியும் காதில் விழாமல் உறங்கினேன். காலை ஆறு மணிக்குக் கதவு திறந்தது. எய்லெர்ட் கையில் காபியுடன் அந்தப் படியில் வந்து உட்கார்ந்தான். அவன் ஆசனமல்லவா அது. மீன் விலை, காற்றின் திசை, சீவெர்ட்டின் முழங்கால் என்று ஏழரை வரை பேசினான். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

"அக்கா, ஆகஸ்டுல ஒரு புது டேப் வாங்கிடலாமா?"

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு."

பசையும் காகிதமும் எடுத்துவரச் சொன்னேன். நாடாப் பெட்டியின் முதுகில் இப்போது என் கையெழுத்தில் ஒரு வாக்கியம் ஒட்டியிருக்கிறது: 'கழிப்பவள் தூர்குன் மட்டும்.'