ரிசல்ட்டுக்கு முந்தின படம்

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அந்த மனுஷன் அசையாதீங்கம்மா, அசையாதீங்க என்கிறான், மூன்று கால் பெட்டிக்குப் பின்னால் அவனுடைய கால்சட்டை மட்டும்தான் தெரிகிறது, பக்கத்து வீட்டு நாகஸ்வரம் சுவரேறி வந்து காதில் விழுகிறது, தோளிலிருந்து கவுன் வழுக்கிக்கொண்டே போகிறது, வழுக்காமல் என்ன செய்யும், வக்கீல் வீட்டு மாமா ஆறடி ஆள், அவர் கோர்ட்டுக்குப் போட்டுப் போகிற கவுனை இந்த ஒல்லிக்குச்சி உடம்பில் மாட்டினால் நிற்குமா, அத்தை, இது உங்க பட்டமளிப்பு அன்னைக்கு எடுத்ததா என்று வடிவு கேட்கிறாள், எப்போது கேட்டாள், இப்போதுதான், தகரப் பெட்டியைத் திறந்து பழைய படங்களைக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறாளே, தம்பி கைலாசத்தின் மகள், ஐம்பது வயதுக்கு மேலாகியும் எதைப் பார்த்தாலும் சின்னப்பிள்ளை மாதிரி துருவித் துருவிக் கேட்கிறவள். பிரமநாயகி படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறாள், எண்பதைத் தாண்டிய கண், பக்கத்தில் கொண்டுபோனால்தான் பிடிபடும், படத்திலிருக்கிற பெண்ணுக்கு இருபது வயது, கையில் சுருட்டிய காகிதம், பார்க்கிறவர்கள் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும், உண்மையில் அது கல்யாணப் பந்தலில் ஒட்டியது போக மிஞ்சிய ரோஸ் கலர் காகிதம், கறுப்பு வெள்ளைப் படத்தில் ரோஸ் எங்கே தெரியப்போகிறது, அப்பாவுக்கு அன்றைக்கு வந்த அவசரம் அப்படி.

பரீட்சை எழுதி முடித்து மதராஸிலிருந்து ரயிலேறித் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்திருந்தாள், ரிசல்ட் வர இன்னும் நாள் கிடந்தது, வக்கீல் வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து படம் எடுக்கிறவன் வந்திருக்கிறான் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், அப்பா ஜவுளிக்கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தார், கல்யாண மாப்பிள்ளையைப் படம் எடுக்கப் போனவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார், வக்கீல் மாமாவின் ஆணியில் தொங்கிய கவுனும் கூடவே வந்துவிட்டது, ரிசல்ட் வரட்டுமேப்பா என்று இவள் சொல்லிப் பார்த்தாள், ஏட்டி, இவன் இன்னொரு மட்டம் நம்ம தெருவுக்கு வாரதுக்கு எத்தனை காலம் ஆகுமோ, நீ பாசாகாம வேற எவ பாசாகப்போறா, நில்லுட்டி என்றார். பாவம், அவரைச் சொல்லி என்ன, அந்தத் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் இவள், பொட்டப்பிள்ளையை மதராஸுக்கு ரயிலேத்தி அனுப்புதானே, இவனுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு என்று அவருடைய முகத்துக்கு நேரேயே கேட்டவர்கள் உண்டு, அத்தனை பேருக்கும் அவர் ஒரு பதில் வைத்திருந்தார், அந்தப் பதிலுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து முன்கூடத்தில், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடமாகப் பார்த்து மாட்டினார்.

அப்புறம் ரிசல்ட் வருகிறது, பேப்பரில் பொடிப்பொடியாக நம்பர்கள், இவளுடைய நம்பருக்கு முந்தினது இருக்கிறது, பிந்தினது இருக்கிறது, இவளுடையது இல்லை, அச்சுப் பிழையாக இருக்கும் என்று அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார், பிழையுமில்லை ஒன்றுமில்லை, இங்கிலீஷ் பேப்பர் போய்விட்டது, ஏன் போயிற்று என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது, நன்றாகத்தான் எழுதியிருந்தாள், அதுதான் வயிற்றெரிச்சல். முன்கூடத்தைத் தாண்டிப் போகவே கூசியது, சுவரில் ஒருத்தி கவுன் மாட்டிக்கொண்டு பெரிய மனுஷியாட்டம் பார்க்கிறாள், கீழே ஒருத்தி ஃபெயிலாகி நிற்கிறாள், போதாக்குறைக்குக் கைலாசம் வேறு, கனம் கோர்ட்டார் அவர்களே, கேஸ் தோத்துப்போச்சே என்று கும்பிட்டுக் காட்டிவிட்டு ஓடுவான், அதைக் கழத்திப் போடுங்க, பாக்கவங்க எல்லாம் வாய்க்குள்ள சிரிக்காங்க என்று அம்மா அப்பாவிடம் மன்றாடினாள், நானே கழத்தப்போறேன் என்று இவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனாள், அப்பா ஸ்டூலைப் பிடுங்கிக்கொண்டார், படம் அங்ஙனயே கெடக்கட்டும் பிரமு, நீ போயி அதுக்குள்ள ஏறிக்கோ என்றார். செப்டம்பரில் திரும்ப எழுதலாம், எழுதட்டும் என்றார், அதிலயும் போச்சுன்னா, வாரவன் எவனா இருந்தாலும் கழுத்தை நீட்டணும், சம்மதமா என்று அம்மா கேட்டாள், அதற்கு அப்பா வாயைத் திறக்கவில்லை, வாயைத் திறக்காவிட்டால் சம்மதம் என்றுதான் அர்த்தம்.

அம்மா செப்டம்பர் வரைக்கும் பொறுக்கிற ஆளா, ஆடி கழிந்த கையோடு அம்பாசமுத்திரத்திலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள், மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் படத்தைத்தான் பார்க்கிறாள், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள், எங்க பக்கத்துல கவுன் போட்ட பொண்ணே கிடையாது, பி.ஏ. முடிச்சாச்சு போல என்று பூரித்துப்போய்க் கேட்கிறாள், அம்மா ஆமாம் என்று தலையாட்டுகிறாள், அப்பா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிறார், ஒரு தடவை துடைத்த முகத்தையே மறுபடி துடைக்கிறார், காபித் தட்டோடு நிற்கிற இவளுக்கு அவரைப் பார்க்கத் தாங்கவில்லை, பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அந்தத் துண்டுக்குள் எவ்வளவு நேரம்தான் ஒளிந்துகொள்வார், இல்ல, ஒரு பேப்பர் போயிட்டு, செப்டம்பர்ல திரும்ப எழுதப்போறேன், கவுனும் வக்கீல் மாமாவோடது என்று சொல்லிவிட்டாள். கவுனைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை, வாய் திறந்தால் அடைக்கத் தெரியாத வயசு அது, நாங்க பாசாயிட்டான்னுல்லா கேள்விப்பட்டோம் என்று அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள், ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான், வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்னட்டி என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், அப்பா மட்டும் யாரும் தொடாத கேசரித் தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டார், ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் ருசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இது யாரு அத்தை, மாமாவா, மீசையெல்லாம் பிரமாதம் என்று வடிவு கல்யாணப் படத்தை நீட்டுகிறாள், ஆமாம், அவர்தான், பின்னால் வந்தவர், தூத்துக்குடி ஹார்பரில் வேலை, நல்ல மனுஷன், படத்தில்தான் முறைப்பார், இதோ பள்ளிக்கூடத்துப் படம், நடுநாயகமாக நாற்காலியில் ஹெட்மிஸ்ட்ரஸ் பிரமநாயகி, இரண்டு பக்கமும் டீச்சர்மார், தரையில் பிள்ளைகள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இதிலெல்லாம் இவள் இவளாகத்தான் இருக்கிறாள், அந்த ஒரு படத்தில்தான் வேறு யாரோ, செப்டம்பரில் பரீட்சை எழுதப் போகும்போதும் அவள்தான் கூடவே வந்தாள், பேனாவைத் திறந்தால் எதிரே வந்து நின்றாள், கவுன் வழுக்க வழுக்க நின்றாள், ஏ பிள்ள, எனக்காக எழுது என்றாள், அது கனவா, எழுதும்போதே கண்டதா, பிற்பாடு இவளே சேர்த்துக்கொண்டதா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கார்த்திகையில் ரிசல்ட், பேப்பர் ரயிலில் வந்து கடைக்கு வருவதற்குள் பொறுமையில்லாமல் அப்பா ஸ்டேஷனுக்கே போய்விட்டார், திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பேப்பரை நீட்டினார், நம்பர் இருந்தது, அம்மா அழுதாள், கைலாசம் தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினான், இவளுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை, அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். இவளுக்கு வந்ததே கோபம், நியாயமா இது, ஃபெயிலானபோது தொங்கவிட்டு மானத்தை வாங்கிவிட்டு, பாசாகி வந்த அன்றைக்கா கழற்றுவார்கள், இப்பத்தானேப்பா அது நெசமாச்சு, இப்ப போயி கழத்துதீங்களே என்று கேட்டாள், அவர் மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இனி இது எதுக்குட்டி, அதான் நீயே வந்துட்டியே என்றார். எங்கோ போயிருந்தவள் திரும்பி வந்தது மாதிரி சொன்னார், இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள், அவ்வளவு மாதமும் அந்த மனுஷன் சுவரைப் பார்த்து யாருக்காகக் காத்துக்கொண்டிருந்தார் என்பது அந்த வயதில் எங்கே உறைக்கப்போகிறது, இப்போது உறைக்கிறது, இப்போது அவருடைய கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கை இல்லை.

என்ன அத்தை, கேட்டுக்கிட்டே இருக்கேன், பதிலைக் காணோம் என்கிறாள் வடிவு, இதைப் பெரிசா போட்டு நம்ம ஹால்ல மாட்டப்போறேன், குடும்பத்துல முதல் பி.ஏ., வாரவங்க போறவங்க எல்லாம் பாக்கட்டும். பிரமநாயகி சிரித்துவிட்டாள், படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பிறகு மாட்டிக்கோட்டி, இப்ப எதுக்கு, நாந்தான் இருக்கேன்லா என்றாள். வடிவு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.