சேர்த்து அனுப்பியது

மாரீஸ்வரி தண்ணீரைச் சிரமப்பட்டு விழுங்கினாள். தாராவியில் ஒரு தோல் பட்டறைக்கு மேலே இருந்த பெண்கள் உதவி மையம் அது. "இவளுக்குத் தொண்டை கட்டிருக்கு" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மாரிக்கண்ணன். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. குடித்துவிட்டு அடித்ததை அவன் மறுக்கவில்லை. "இனி கை நீட்ட மாட்டேன்க்கா" என்று மையத்தில் பல வருஷமாக வழக்கு பேசித் தீர்க்கும் விஜயராணியிடம் மெதுவாகச் சொன்னான்.

கல்லூரி முடித்து அண்மையில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஃபர்ஸானா, விஜயராணியைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள்.

"அக்கா, அவங்கள தனியா வெச்சு ஒண்ணு கேக்கணும். கழுத்த நெரிச்சானான்னு. ஒரு தடவ நெரிச்சவன் பின்னால கொலை வரைக்கும் போற சான்ஸ் பல மடங்குன்னு ரிசர்ச் இருக்கு. வெளிய தடம்கூட தெரியாதாம். குரல் போயிருமாம்."

"எந்த ஊரு ரிசர்ச்?"

"வெளிநாடுதான். ஆனா..."

"ஏட்டி, அங்க வீட்டுக்கு வீடு துப்பாக்கி. இங்க ஒருத்தி இருமுனா அடுத்த வீட்டுல கேக்கும். நான் ஆள் முகத்தப் பாத்தே சொல்லிருவேன். நீ படிச்சதச் சொல்லி அவளப் பயமுறுத்தாத."

தாலியைக் கழற்றி வீசியவர்களைக்கூட விஜயராணி சேர்த்து வைத்திருக்கிறாள். அந்த வீட்டுக் காதுகுத்துகளுக்கு இன்றும் அவளுக்கு அழைப்பு வரும். ஃபர்ஸானா ஒவ்வொரு முறையும் ஆராய்ச்சி என்று ஆரம்பிக்கும்போது, இத்தனை வருஷமும் தான் குருட்டாம்போக்கில் வேலை பார்த்ததாகச் சொல்வதுபோல அவளுக்கு எரிச்சல் வரும். உள்ளே போய் இருவருக்கும் புத்தி சொல்லிச் சேர்த்து அனுப்பினாள். வாசலில் மாரீஸ்வரி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். விஜயராணி சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் விஜயராணிக்கு உறைத்தது. வந்ததிலிருந்து மாரீஸ்வரி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். தானும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது புரிந்தது. விஜயராணி டப்பாவை மூடினாள்.

"வாட்டி, அவ வீட்டுக்குப் போவோம்."

இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்து. மாரீஸ்வரி வீட்டுக்குக் கீழே பை தைக்கும் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "ரெண்டு பேரும் மேலதான் போனாவ" என்றாள் அங்கே நூல் வெட்டிக்கொண்டிருந்தவள். விஜயராணி இரும்பு ஏணியில் ஏறினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. டிவியில் ஏதோ இந்திப் பாட்டு.

"மாரீஸ்வரி, நான்தாம்மா. கதவத் திற."

கீழே ஃபர்ஸானா போலீசுக்குப் போன் போட்டாள். விஜயராணி உள்ளங்கையால் கதவை ஓங்கித் தட்டினாள்.

உள்ளே யாரோ டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.