இரவல் குளிசைகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த இளம் டொக்டரிடம் அன்று கத்தியதை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

என் தம்பி வினோதன் விசுவமடுவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். ஒப்பரேசன் முடிந்ததும் மோர்பின் ஊசி போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த, பளை ஊர்க்காரரான கணபதி ஐயாவுக்கும் அதே ஊசிதான். அவர் சத்தியெடுத்துவிட்டு, "தலை சுத்துது பிள்ளை, இதுக்கு நோவே பரவாயில்லை" என்று அடுத்த ஊசியை வேண்டாமென்றார். என் தம்பியோ கண்ணை மூடிச் சிரித்தான்.

"அக்கா, இப்ப ஒருத்தரும் என்னைத் துரத்தேல்லை" என்றான்.

முள்ளிவாய்க்காலில் அவனுக்கு ஏழு வயது. பங்கருக்குள் அம்மா அவன்மேல் கவிழ்ந்து கிடந்தபடியே செத்துப்போனா. நான்தான் அவனை வெளியே இழுத்தேன். அன்றிலிருந்து பதினாறு வருடமாக அவன் ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. கதவு அடித்தால்கூட எழும்பி, விடியும்வரை குந்தியிருப்பான். ஊசி போட்ட அந்த நாட்களில் மட்டும் குழந்தைபோல நித்திரை கொண்டான். நான் கட்டிலடியில் இருந்து சந்தோசத்தில் அழுதேன்.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, சின்ன வயசில நிறையக் கஷ்டப்பட்ட ஆக்கள் சிலபேருக்கு இந்த மருந்து வேற மாதிரிப் பிடிச்சுப்போடும். மற்றவைக்கு நோ மட்டும்தான் குறையும். இவர் திரும்பத் திரும்பக் கேப்பார். நான் எழுதித் தாறதுக்கு மேல ஒண்டும் குடுத்துப்போடாதேங்கோ."

"அப்ப என்ர தம்பியைப் போதைக்கு அலையிற குடுகாரன் எண்டுறீங்களோ? நாங்கள் செத்துக்கொண்டிருக்கேக்க நீங்கள் எங்க இருந்தனீங்கள்?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவரும் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையாகத்தான் இருந்திருப்பார்.

டொக்டர் எழுதித் தந்த மருந்துக் குளிசைகள் முடிந்தன. நித்திரையும் போயிற்று. "எங்கையாவது வாங்கித் தாங்கோவன் அக்கா" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினான். பங்கருக்குள் தண்ணீர் கேட்டு அழுத அதே முகம். அன்று கொடுக்க என்னிடம் தண்ணீர் இருக்கவில்லை.

எங்கள் ஊரில் சீனி முடிந்தால் பக்கத்து வீட்டுக்குப் போவோம். நோக் குளிசையும் அப்படித்தான். வீட்டுக்கு ஒருவராவது சண்டையில் வெடித்த செல்லின் துண்டோடு இருக்கிறார்கள், எல்லாருக்கும் கிளினிக்கில் மருந்து கிடைக்கிறது. இடுப்பில் துண்டு உள்ள சிவனேஸ்வரி அக்கா, "கொண்டுபோ தயாளினி, பெடியன் பாவம்" என்று அள்ளித் தந்தா. காலில்லாத யோகலிங்கம் அண்ணை தந்தது வேறு நிறம். எல்லாம் நோவுக்குத்தானே என்று ஒரே போத்தலில் போட்டு அவன் கையிலேயே கொடுத்தேன். அந்த மாதம் அவன் உடம்புகூடத் தேறினதுபோல எனக்குப் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியாகியும் அவன் எழும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், மெல்லக் குறட்டை கேட்டது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மகள் யதுர்ஷிகா டிவி போட வந்தாள், விடவில்லை. "மாமா நித்திரை கொள்ளட்டும், சத்தம் போடாதை." பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டரை நிறுத்தச் சொன்னேன். குசினியில் சட்டி முட்டாமல் அவனுக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தேன்.

ஒரு மணிக்குச் சோறு போட்டுக்கொண்டுபோய்க் காலைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது.

அம்புலன்ஸில் வந்தவர் அவன் கண்ணைத் திறந்து பார்த்தார், தலைமாட்டில் கிடந்த குளிசைப் போத்தலையும் பார்த்தார். "குறட்டை விட்டவரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அது நித்திரை இல்லை, அம்மா. குளிசை கூடிப்போய் மூச்சு முட்டினது. அப்பவே எழுப்பியிருந்தால்..." என்றபடி போர்வையால் அவன் முகத்தை மூடினார்.

அவனை ஒருவரும் எழுப்பிவிடாமல் அந்தக் காலை முழுக்கக் காவல் இருந்தவள் நான்தான்.