மூன்று வரிக் கணக்கு

ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. கணக்கு டீச்சர் கிசெல்லா வகுப்புக்குள் வந்தாலே பத்தாம் வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொள்ளும். பதிவேட்டைத் திறந்து, விரலை மேலும் கீழும் ஓட்டி, ஏதோ ஒரு பெயரில் நிறுத்துவாள். அந்தப் பிள்ளை பலகைக்குப் போய்க் கணக்குப் போட வேண்டும். ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் வாங்கினால் பிழைத்தோம், ஒன்று வாங்கினால் பெயில், மானம் போயிற்று.

அன்று விரல் மெலித்தாவின் பெயரில் நின்றது. ஜிப்சிகள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ரோமா மக்களின் குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். கடைசிப் பெஞ்சில் தனியாக உட்காருவாள். அவள் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். நமக்கெதற்கு வம்பு என்று டீச்சரும் விட்டுவிட்டாள்.

மெலித்தா மூன்றே வரியில் கணக்கை முடித்தாள்.

"இந்த வழிய நான் சொல்லித் தரலியே. யாரப் பாத்து எழுதின?"

"நானா படிச்சது டீச்சர். லைப்ரரில பழைய புத்தகம் ஒண்ணு இருக்கு."

"எடுத்தியா, சுட்டியா?" என்றான் முன்பெஞ்சு ஆரோன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தாள்.

"நான் சொன்ன வழில போடாதது கணக்கே இல்ல. ஒண்ணு. போய் உக்காரு."

விடை சரி என்று டீச்சருக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டாள், பாவி.

அதன்பின் மெலித்தா கை தூக்கவில்லை. கூப்பிட்டால் "தெரியாது டீச்சர்" என்று நின்றாள். "நான் அப்பவே சொன்னேன்ல, அது காப்பிதான்" என்று ஆசிரியர் அறையில் கிசெல்லா பெருமையடித்துக்கொண்டாள்.

பதினாறு வயது நிறைந்தால் படிப்பை நிறுத்தலாம் என்பது அங்கே சட்டம். பிறந்தநாளுக்கு மறுநாளே, அம்மாவின் கையெழுத்து வாங்கிய தாளோடு மெலித்தா வந்து நின்றாள்.

"கோழி வெட்டுற கம்பெனிக்கா போற? படிக்க ஆசையே இல்லியா?"

"இருந்துச்சு டீச்சர். வீட்ல நானே உக்காந்து படிச்சேன், அதுக்கு யாரும் வேண்டியிருக்கல. படிச்சதக் கொண்டுவந்து காட்ட ஒரு எடம் வேண்டியிருந்துச்சு. ரெண்டு வருஷமா என் பக்கத்துல ஆளில்ல. சரியா போட்டா ஒண்ணு போடுறீங்க. அங்கயாச்சும் பக்கத்துல ஒருத்தி நிப்பா."

கிசெல்லாவுக்கு நெஞ்சு சுட்டது. "அத அஞ்சாக்கிடறேன்மா. தாளக் கிழிச்சுப் போடு" என்று கெஞ்சினாள்.

"எனக்கு வேணாம். அடுத்து எவளாச்சும் தானா படிச்சுட்டு வந்தா, அவள நாலு பேரோட உக்கார வைங்க. தனக்கு எடமில்லாத வகுப்புல எந்தப் புள்ளையும் மனசு வச்சுப் படிக்காது டீச்சர்."

மெலித்தா பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கிசெல்லா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளில் விலகும் காரணம் என்ற கட்டத்தில் 'மாணவிக்குப் படிப்பில் ஆர்வமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.