குளத்துக்கு அரைஞாண்

ராஜசேகர் அரிசி ஆலை வைத்திருந்தவரைக்கும் ஊரில் அவரை மில்லுக்காரர் என்றுதான் சொன்னார்கள். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த நான்கு ஏக்கரில் ஓட்டுக்கூரை போட்ட எட்டு அறைகளைக் கட்டி 'பொன்னி ஹெரிடேஜ் ரிசார்ட்' என்று பலகை மாட்டிய பிறகு, தன்னை எம்.டி. என்று அழைக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். அவரிடம் சம்பளம் வாங்கியவர்கள் அப்படியே அழைத்தார்கள். மற்றவர்களுக்கு அவர் இன்னமும் மில்லுக்காரர்தான்.

ரிசார்ட்டின் நடுவில் நாற்பதுக்கு இருபது அடியில் ஒரு நீச்சல் குளம். அதைக் கட்டிக்கொடுக்க வந்தது திருச்சிக் கம்பெனி ஒன்று. கம்பெனி சார்பில் வந்தவள் கயல்விழி. இருபத்தெட்டு வயது, சிவில் படித்தவள், பக்கத்து ஊர்க்காரி. அவள் அப்பா இதே சுற்றுவட்டாரத்தில் கூலிக்கு நடவு வேலை பார்த்து, பிறகு குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர். இதுவரை நாலு குளங்களில் அவள் யாருக்கோ உதவியாளர். இந்தக் குளத்தில்தான் முதல்முறையாகப் பொறுப்பு அவளுடையது. பூச்சுக்குப் பத்து வருஷ கேரண்டி என்று கம்பெனி எழுதிக்கொடுக்கும் தாளில் அவள் கையெழுத்துதான் இருக்கும். பூச்சு நன்றாக வந்தால் அடுத்த குளமும் அவளுக்கு. கெட்டால், மறுபடி யாருக்காவது பின்னால் டேப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

குளத்துக்கு வெறும் காங்கிரீட் போதாது. அதன்மேல் வெள்ளை சிமெண்டும் சலவைக்கல் பொடியும் கலந்த பூச்சு ஒன்று, விரல் கனத்துக்கு. ஒரே நாளில் ஒட்டில்லாமல் பூசி முடிக்க வேண்டும். பூசி முடித்த பதினெட்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் விட ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் வெடிக்கும். ஆரம்பித்தால் விளிம்பு வரை நிறையாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், நின்ற இடத்தில் சுற்றிவர ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை எந்தச் சோப்பும் எந்தச் சாமியும் அழிக்க முடியாது. பூச்சையே கொத்தி எடுக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் அவள் ராஜசேகரிடம் மூன்று முறை சொல்லியிருந்தாள். மூன்று முறையும் அவர் தலையாட்டினார். பேசுகிறவர்களை நிறுத்துவதற்கு அவர் கையாளும் வழி அது.

முதலில் அவருக்குக் குளத்தைக் காவிரித் தண்ணீரால் நிரப்ப ஆசை. மேட்டூர் திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்ததும் கயல்விழியைக் கூட்டிப்போய்க் காட்டினார். அது டீ நிறத்தில், போன வருஷத்துச் செருப்புகளையும் ஷாம்பு உறைகளையும் சுமந்துகொண்டு நுரையோடு வந்தது. போர் தண்ணீரே போதும் என்று ராஜசேகர் தாமாகவே சொன்னார். போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று சோதித்து, குழாயில் வடிகட்டி மாட்டி, மோட்டார் கொட்டகையை அவள் தயார் செய்தாள்.

காவிரித் தண்ணீர் இல்லையென்றால் என்ன, காவிரித் திறப்பு இருக்கிறதே என்று அவர் நினைத்தார். ஆற்று மதகுகளில் ஷட்டரைத் தூக்குவதற்கு ஒரு இரும்புச் சக்கரம் இருக்குமே, அதே போல ஒன்றைப் பட்டறையில் செய்யச் சொல்லி, சிவப்பு பெயிண்ட் அடித்து, குளக்கரையில் மேடை கட்டி நட்டார். அது எந்தக் குழாயோடும் சேரவில்லை. சுற்றினால் சுற்றும், அவ்வளவுதான். அதைச் சுற்றி 'முதல் நீர் திறந்து வைக்க' ஒரு வாரியத் தலைவர் வருவதாக அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. எந்த வாரியம் என்பதை ராஜசேகரே அழைப்பிதழைப் பார்த்துத்தான் சொல்வார். வியாழக்கிழமை காலை ஏழரைக்கு மேல் முகூர்த்தம். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் புதன்கிழமை நடுப்பகலில் பூச்சு வேலையைக் கயல்விழி தொடங்கினாள்.

மேஸ்திரி முபாரக், முத்துப்பேட்டைக்காரர். மஸ்கட்டில் பதினாலு வருஷம் குளம் பூசியவர். பந்தல் போட்டு வெயிலை மறைத்து, ஆறு கொத்தனார்களோடு உள்ளே இறங்கினார். மதியம் மூன்று மணிக்கு முக்கால்வாசி முடிந்திருந்தது. அப்போதுதான் ராஜசேகர் செல்போனைக் காதிலிருந்து எடுத்தபடி கரைக்கு வந்தார்.

தலைவருக்கு வியாழக்கிழமை வேறு வேலை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு வருகிறார். அதனால் பூச்சு வேலையை ஒரு நாள் நிறுத்திவைத்து நாளைக்குச் செய்யலாம் என்றார்.

முபாரக் கரணையை நிறுத்தாமல் குனிந்தபடியே சொன்னார். "பிரியாணிக்குத் தம் போட்டாச்சுங்க. விருந்தாளி நாளைக்கு வர்றாங்கன்னா அரிசியத் திரும்ப மூட்டையில கட்ட முடியுமா?"

அப்படியானால் பூசி முடித்துவிட்டு, தண்ணீரை மட்டும் வெள்ளிக்கிழமை விடலாம் என்றார் ராஜசேகர். கயல்விழி வெடிப்பைப் பற்றி நான்காம் முறையாகச் சொன்னாள். அவர் தலையாட்டவில்லை. முதல் தண்ணீர் தலைவர் கையால்தான், அழைப்பிதழில் போட்டாயிற்று, ஐந்நூறு பிரதி என்றார். கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஓனர் சொல்கிறபடி செய்யம்மா என்றது திருச்சிக் குரல். கேரண்டி யாருடையது சார் என்று கயல்விழி கேட்டாள். அது உன்னுடையதுதான் என்றது அதே குரல், கொஞ்சமும் தயங்காமல்.

கயல்விழி சிவப்புச் சக்கரத்தைப் பார்த்தாள்.

"சார், மேட்டூர்ல ஷட்டரத் திறக்கிறாங்கள்ல. அப்ப அணையில தண்ணி இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும். இல்லாம எதத் திறக்கிறது?"

"காஞ்சு கெடக்கிற அணைக்கு யாராவது போயிப் பூத் தூவுவாங்களா சார்? நெறஞ்சிருந்தாத்தான் பெரிய மனுசங்க வருவாங்க. தலைவரக் கூட்டிட்டு வந்து வெறுந்தொட்டியக் காட்டுனா, நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

ராஜசேகர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது உதடு மட்டும் அசையும். பிறகு சமையல்காரர், எலக்ட்ரீஷியன், பந்தல்காரர் எல்லாரையும் கூப்பிட்டு, நிறைந்த குளத்தைத்தான் தலைவர் திறந்து வைப்பார், அதுதான் முறை, மேட்டூரிலும் அப்படித்தான் என்று அறிவித்தார். அது தன் யோசனை என்று அந்த இரண்டு நிமிஷத்துக்குள் அவர் உண்மையிலேயே நம்பிவிட்டார்.

வியாழக்கிழமை ஏழரைக்கு எமகண்டம் முடிந்ததும் மோட்டார் ஓடியது. முபாரக் தன் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்து நாலாய் மடித்து ஹோஸ் வாயில் கட்டி, ஆழமான மூலையில் படுக்க வைத்தார். தண்ணீர் வேகமாக விழுந்தால் இன்னும் இறுகாத பச்சைப் பூச்சைப் பறித்துவிடும். குளத்துக்குள் ஒருத்தரும் கால் வைக்காமல் சுற்றிலும் கயிறு கட்டினார்கள். கணக்குப்படி இருபது மணி நேரம், விடிவதற்குள் நிறைந்துவிடும்.

மாலை நாலரைக்கு ஆழமான பக்கம் இடுப்பளவு நின்றது. ராஜசேகர் மறுபடி செல்போனோடு வந்தார். தலைவரின் உதவியாளர் பேசினாராம். முதல் தண்ணீர் தலைவர் கையால்தானே என்று மறுபடி கேட்டாராம். இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

"பாதி நம்ம விட்டாச்சு. மீதி அவரு விடட்டும். வயலுக்கே முறை வச்சுத்தாம்மா தண்ணி விடுறான். ஆறு நாள் விடுறான், ஆறு நாள் நிறுத்துறான். நெல்லு வெளையல?"

"இது நெல்லு இல்லீங்க சார்."

"மோட்டார நிறுத்தச் சொல்லு."

கொட்டகை பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டார். தன்னிடம்தான் இருக்கிறது, தரமாட்டேன் என்றாள் கயல்விழி. குரலை உயர்த்தவில்லை. மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். கை மட்டும் பாக்கெட்டில் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என் எடம். என் மோட்டாரு."

"பூச்சுல என் கையெழுத்து சார். தண்ணி நெறையட்டும், சாவியும் தர்றேன், வேணும்னா நானும் கெளம்பிடுறேன்."

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு எம்.டி. அந்த இடத்தில் சும்மா திரும்ப முடியாது. ராஜசேகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மீட்டர் பெட்டிக்குப் போய் மெயினையே இறக்கிவிட்டார். ரிசார்ட் முழுக்க அடங்கியது. மைக் செட்டுக்காரர் 'ஹலோ, ஹலோ' என்று சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. மோட்டாரும் நின்றது. ஹோஸிலிருந்து தண்ணீர் மெலிந்து, சொட்டாகி, அதுவும் நின்றது.

கயல்விழி குளத்துச் சுவரைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் தாங்கும். அரை மணி தாங்காது.

சமையல் கட்டிலிருந்து குஞ்சிதபாதம் வந்தார். நாளைய விருந்துக்கு மன்னார்குடியிலிருந்து வந்திருந்த சமையல்காரர். இரண்டு கையிலும் முழங்கை வரை உளுந்து மாவு.

"கரண்ட யாருங்க நிறுத்துனது?"

"நான்தான்."

"நூத்தியிருவது பேருக்கு இட்லிங்க. உளுந்து பாதி ஆட்டிருக்கு, மாவு சூடேறிப் போச்சு. ஐஸ்க்ரீம் பொட்டி ரெண்டும் அணைஞ்சு கெடக்கு. காலையில தலைவருக்குத் தட்டுல கல்லையும் டம்ளர்ல பாலையும் வச்சுக் குடுத்தா உங்களுக்குச் சம்மதமான்னு சொல்லிடுங்க, நான் போயிப் படுத்துக்கிறேன்."

ராஜசேகர் மெயினை ஏற்றினார். கிரைண்டர் சுற்றியது. 'ஹலோ' விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மோட்டார் மட்டும் பேசாமல் இருந்தது. அது அப்படித்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மில்லில் மின்சாரம் போய் வந்தால் யாராவது போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். கொட்டகை பூட்டியிருக்கிறது. சாவியை வைத்திருப்பவள் இப்போது தானாகத் திறந்தாக வேண்டும். அவர் கொட்டகை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

கயல்விழி அசையவில்லை. முபாரக் அவளைப் பார்த்தார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

இரண்டாவது நிமிஷ முடிவில் கொட்டகைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் தானாக முனகி, வேகம் பிடித்து ஓட ஆரம்பித்தது. ராஜசேகர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"யாரு உள்ள இருக்கா?"

"யாருமில்ல சார். ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் எந்நேரம் வரும் போகும்னு தெரியாதவங்க மாட்டுறது."

இந்தப் பக்கத்தில் ஒரு மா, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, நிலம் வைத்திருப்பவன்கூட அதை மாட்டாமல் பம்புசெட் போட மாட்டான். மூன்று பக்கமும் நஞ்சை சூழ உட்கார்ந்திருந்த ராஜசேகருக்கு நெல் எப்போதும் மூட்டையாகத்தான் அறிமுகம். அவர் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். மெயின் பெட்டியின் பக்கம் ஒரு முறை பார்த்தார். சமையல் கட்டு வாசலில் குஞ்சிதபாதம் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

கயல்விழி பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"இப்ப நிறுத்துனா குளத்துக்கு அரைஞாண் கட்டுன மாதிரி சுத்தி ஒரு கோடு விழும் சார். வர்றவங்க எல்லாம் இது என்னன்னு கேப்பாங்க. தலைவருக்காகக் காத்திருந்த கோடுன்னு நீங்க ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டு இருக்கணும்."

"தெரியுமா, கோடு?"

"நேர்ல கொஞ்சமாத் தெரியும். போட்டோல நல்லாத் தெரியும்."

ராஜசேகரின் உதடு வெகுநேரம் அசைந்தது. பிறகு, தண்ணீர் ஓடட்டும் என்று தான்தான் உத்தரவு போட்டதுபோலக் கையைக் காட்டிவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் குளம் விளிம்பு தட்டி நின்றது. அடியில் வெள்ளை, மேலே வானம், நடுவில் ஒன்றுமில்லை. ராஜசேகர் நாலு முறை சுற்றி வந்தார். முதல் சுற்றில் கோடு இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டாவதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். மூன்றாவதில் பந்தல்காரரிடம் "இதுல மஞ்சள் குங்குமம் எதுவும் பட்டுறக் கூடாதுய்யா, பச்சைப் பூச்சு, உறிஞ்சிக்கும்" என்று விளக்கினார். நாலாவது சுற்றில் அதை 'நம்ம பூச்சு' என்று சொன்னார். கயல்விழி முந்தின நாள் சொன்ன வார்த்தைகள்தான். அவள் திருத்தப் போகவில்லை.

பத்தரைக்கு ராகுகாலம். தலைவர் வந்தது பத்து நாற்பதுக்கு. பெரிய மனிதர்களைக் கண்டால் ராகுகாலம் ஒதுங்கி நிற்கும் என்று ராஜசேகர் மைக்கில் சொன்னார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் தலைவர் மேடையேறினார். ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறதே என்று கேட்டார். அணை நிறைந்தால்தானே ஐயா திறப்பு என்றார் ராஜசேகர். தலைவருக்கு அது பிடித்துப் போயிற்று. சக்கரத்தைச் சுற்றினார். அது சுற்றியது. எதுவும் திறக்கவில்லை, எதுவும் மூடவில்லை. கூட்டம் கை தட்டியது.

எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும்போது பூவும் மஞ்சளும் குங்குமமும் போடுவது இங்கே கையோடு பிறந்த பழக்கம். ராஜசேகரின் மனைவி கனகா தட்டை நீட்டினார். தலைவர் கை நிறையக் குங்குமத்தை அள்ளிக்கொண்டு குளத்தின் பக்கம் திரும்பினார்.

கயல்விழி கூட்டத்தின் நாலாவது வரிசையில் நின்றாள். முன்னால் மூன்று வரிசை வெள்ளைச் சட்டைகள். கத்தினாலும் மைக்கைத் தாண்டிக் கேட்காது. பத்து வருஷ கேரண்டி அந்த உள்ளங்கையில் இருந்தது.

ராஜசேகர் பாய்ந்து தலைவரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

மைக் நின்றது. தலைவர் கையை உருவப் பார்த்தார். ராஜசேகர் விடவில்லை. குங்குமம் விரலிடுக்கில் நழுவி, தலைவரின் வெள்ளைச் சட்டையில் மார்பிலிருந்து இடுப்பு வரைக்கும் இறங்கியது. குளத்தில் ஒரு துளியும் விழவில்லை.

"என்னய்யா இது?" என்றார் தலைவர்.

"பூச்சு, ஐயா," என்றார் ராஜசேகர். "பச்சையா இருக்கு. நம்ம பூச்சு."

தலைவர் இட்லி சாப்பிடாமலே காரில் ஏறினார். ஐஸ்க்ரீமை முபாரக்கின் கொத்தனார்கள் ஆளுக்கு மூன்று கப் சாப்பிட்டார்கள்.

மத்தியானம் கயல்விழி சுவரோரமாகக் குனிந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கேரண்டித் தாளில் கையெழுத்துப் போட்டாள். மோட்டார் கொட்டகைச் சாவியை அதன்மேல் வைத்து ராஜசேகரிடம் நீட்டினாள். அவர் சாவியை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு தாளை வாங்கி, இரண்டு முறை படித்து, அடியில் தனக்கும் ஒரு கையெழுத்துப் போட இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

ரிசார்ட்டின் வரவேற்பறையில் இப்போது திறப்பு விழாவில் எடுத்த போட்டோ ஒன்று பெரிதாக மாட்டியிருக்கிறது. தலைவரின் கையை ராஜசேகர் இறுக்கிப் பிடித்திருக்கிறார், தலைவர் வாய் திறந்திருக்கிறது, பின்னால் குளம் கோடில்லாமல் கிடக்கிறது. இரண்டு பேரும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், கை குலுக்குகிறோம் என்கிறார் ராஜசேகர்.