இருபத்துமூன்று கிலோ

விடியற்காலை ஐந்தரை. வெளியே கனடாவின் வின்னிபெக் நகரம் பனியில் உறைந்து கிடந்தது. மருத்துவமனையின் நான்காவது மாடியில் செவிலி லிகாயாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நூற்றுப்பத்து கிலோ எடையுள்ள ஓரெஸ்ட் என்ற கிழவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். நோயாளிகளைத் தூக்கும் எந்திரம் பழுதாகி மூன்று மாதம். கேட்டால், "எழுதி அனுப்பியிருக்கோம்" என்பார்கள்.

கிழவரின் முழங்கால்கள் திடீரென்று மடிந்தன. விட்டிருந்தால் மண்டை உடைந்திருக்கும். அவள் விடவில்லை. அவளுடைய இடுப்பில் ஏதோ விண்ணென்று தெறித்தது.

இனி எந்த நாளும் கனம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடம் படுக்கையோரமே கதியென்று இருந்தவள் அவள். ஆறு வாரம் வீட்டில் அழுது தீர்த்துவிட்டு, மேலாளர் கொலீனிடம் வேறு வேலை கேட்டு வந்தாள். வீடு திரும்பிய நோயாளிகளிடம் தொலைபேசியில் பேசிக் கவனித்துக்கொள்ளும் செவிலியர் வேலை அது. மூச்சு வாங்கும் சத்தத்தை வைத்தே நெஞ்சில் நீர் கோத்திருப்பதைச் சொல்லிவிடுவாள். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை.

கொலீன் அறிவிப்பை நீட்டினாள். "தகுதியைப் பாருங்க. இருபத்துமூணு கிலோ தூக்கணும்."

"டெலிபோன் அவ்வளவு கனமா, கொலீன்?"

"எல்லா நர்ஸுக்கும் ஒரே விதிதான். உங்க வார்டுல மத்த எட்டுப் பேரும் தூக்குறாங்களே, உங்களுக்கு மட்டும் ஏன் முடியல?"

அந்தக் கேள்வி அவளைக் கூனிக்குறுக வைத்தது. ஓய்வறையில் உடன் வேலை செய்யும் எட்டுத் தோழிகளிடமும் அதைச் சொன்னாள்.

எல்லோருக்கும் மூத்த பெர்னடெட் கால்சட்டையை மேலே சுருட்டினாள். முழங்காலில் இறுக்கமான பட்டை, அதைச் சுற்றிலும் வீக்கம்.

"நாலு வருஷமா இதைக் கட்டிக்கிட்டுத்தான் ஓடுறேன். சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு வாயே திறக்கல."

"எனக்குத் தோள்பட்டைக்கா," என்றாள் ஜோவலின். "மாத்திரை போடாம ஒரு நாளும் டூட்டிக்கு வந்ததில்ல."

ஒருத்திக்குக் கழுத்து. இன்னொருத்திக்கு மணிக்கட்டு. எட்டுப் பேரில் ஒருத்திகூட மிச்சமில்லை. லிகாயா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஊரார் மூச்செல்லாம் கேட்டேனே, பக்கத்துல நின்ன உங்க வலி எனக்குக் கேக்கலையேடி!"

"கேக்கக்கூடாதுன்னுதானே மறைச்சோம்," என்றாள் பெர்னடெட். மேசை இழுப்பறையிலிருந்து வேலையில் பட்ட காயத்தைத் தெரிவிக்கும் படிவங்களை அள்ளிப் போட்டாள். "போதும், எழுதுவோம். எந்திரத்தை ரிப்பேர் பண்ணணும். டெலிபோன் வேலைக்கு இந்தத் தூக்குற விதி போகணும்."

எழுதிக் கொடுத்தால் அவரவர் வேலைக்கும் ஆபத்துதான். இரண்டு குழந்தைகளைத் தனியாளாக வளர்க்கும் ஜோவலினும் பேனாவை எடுத்தாள். லிகாயா தடுத்தாள்.

"நீ வேண்டாம்டி."

"சும்மா இருங்கக்கா. நாளைக்கு என் இடுப்பும் போகும்ல?" ஜோவலின் கையெழுத்துப் போட்டாள்.

கொலீனின் கதவை ஒன்பது பேரும் சேர்ந்து தட்டினார்கள். திறந்தவள் திகைத்து நின்றாள்.

"ஒவ்வொருத்தரா உள்ள வாங்க."

லிகாயா கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல கொலீன். ஒண்ணாத்தான் வருவோம்."